ஜென்டிங் ட்ரீமா, ஓவேஷனா: முன்பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68, அம்மாவுக்கு முழங்கால் வலி. கணவன், மனைவி, 8 வயது மகள். பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். ஏஜென்ட் கொடுத்திருப்பது இரண்டு: ஜென்டிங் ட்ரீம் 3 இரவு, ஓவேஷன் ஆஃப் த சீஸ் 4 இரவு. “இரண்டும் 2016 கப்பல், இரண்டும் ஒண்ணுதான், இரவுக்கு எது விலை குறைவோ அதை எடுங்க” என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்:

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை. இரண்டு கப்பலையும் கட்டியது ஜெர்மனியின் பாபன்பர்க் ஊரில் இருக்கும் மேயர் வெர்ஃப்ட் என்ற கட்டுந்தளம். இரண்டும் 2016இல் கடலுக்கு வந்தவை. ட்ரீம் 335 மீட்டர் நீளம், ஓவேஷன் 348 மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உங்கள் ஐந்து பேரை உள்ளே அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும்: அம்மாவின் முழங்காலுக்கு ஒன்று பொருந்தும், மகளின் உயரத்துக்கு இன்னொன்று பொருந்தாமல் போகும். இரவுக்கு என்ன விலை என்ற கணக்கில் இது எதுவும் வராது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓவேஷனை ஓட்டும் ராயல் கரீபியன் கம்பெனி சிங்கப்பூரில் நிறுத்தும் கப்பல் சீசனுக்குச் சீசன் மாறும். குவாண்டம், ஆந்தம், ஓவேஷன் மூன்றும் ஒரே வகுப்பு. ஸ்பெக்ட்ரம் அதன் சற்றுப் பெரிய தங்கை. உங்கள் தேதியில் எந்தப் பெயர் வந்தாலும் ஓவேஷனைப் பற்றி இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி பொருந்தும். ஜென்டிங் ட்ரீம் 2022 ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் க்ரூஸஸ் பெயரில் ஓடத் தொடங்கியது, 2025இல் அந்தக் கம்பெனி ஸ்டார்ட்ரீம் க்ரூஸஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

விலையிலிருந்து தொடங்குவோம். ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். கப்பலில் இரவைக் கணக்கு வைப்பது விற்பவருக்கு வசதி. ஏறும் நாளில் மதியத்துக்கு மேல்தான் உள்ளே போவீர்கள், இறங்கும் நாளில் காலைச் சாப்பாட்டோடு அனுப்பிவிடுவார்கள். எனவே 3 இரவு என்றால் முழுதாகக் கிடைப்பது 2 பகல், 4 இரவு என்றால் 3 பகல். மொத்தச் செலவை முழுப் பகலின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இரவுக்கணக்கில் மலிவாகத் தெரிந்த 3 இரவுப் பயணம் பல நேரம் இந்தக் கணக்கில் விலை கூடிவிடும்.

அந்த “மொத்தச் செலவு” என்ன என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேபின் கட்டணம், துறைமுகக் கட்டணம், வரிகள், ஜிஎஸ்டி, டிசிஎஸ் (வெளிநாட்டுப் பயணத் தொகையோடு முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி), பிறகு டிப்ஸ். டிப்ஸ் என்றதும் விருப்பப்பட்டால் கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். கப்பலில் அது தினசரி சேவைக் கட்டணமாகத் தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் உண்டு. ராயல் கரீபியனில் சாதாரண கேபினுக்கு ஒருவருக்கு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர் என்ற கணக்கு. 5 பேர், 4 நாள் என்றால் 370 டாலர், ரூபாயில் 30 ஆயிரத்தைத் தாண்டும். ட்ரீமிலும் இதேபோல் ஆளுக்கு இவ்வளவு என்று உண்டு. ஒரு ஏஜென்ட் இதைச் சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் விலை சொன்னால், ஒப்பிடுவதே வீண். டிசிஎஸ் யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். வருமான வரி ரிட்டர்ன் போடுபவரின் எண்ணில் இருந்தால்தான் திரும்ப எடுக்க முடியும், ரிட்டர்ன் போடாத அப்பாவின் எண்ணில் போனால் அது மாட்டிக்கொள்ளும்.

ஐந்து பேருக்கு எப்படியும் இரண்டு கேபின் தேவைப்படும். சாதாரண கேபின்கள் நான்கு பேருக்கு மேல் எடுக்காது, அந்த நான்கில் இரண்டு படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்குபவை. ஏணி ஏறித்தான் படுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு கேபின், நீங்கள் மூவரும் ஒரு கேபின் என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே கேபினில் மூன்றாவது ஆளுக்குக் கட்டணம் குறையும், ஆனால் துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் குறையாது. “மூன்றாவது ஆள் இலவசம்” என்ற விளம்பரத்துக்குள் ஒளிந்திருப்பது இதுதான்.

அடுத்தது இடவசதி. கப்பலின் மொத்த டன்னேஜ் என்று போடுவார்களே, அது எடை இல்லை, உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்று ஒரு எண் வரும். ட்ரீம் 1,50,695 டன்னேஜ், கேபினுக்கு இருவர் கணக்கில் 3,352 பேர்: சுமார் 45. ஓவேஷன் 1,68,666 டன்னேஜ், 4,180 பேர்: சுமார் 40. ஒரு அளவுகோலுக்கு, 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு வந்துபோன கார்டெலியா கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் கட்டியது, 48,563 டன்னேஜ், சுமார் 1,600 பேர்: 30. 30க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் பஃபே வரிசையிலும் லிஃப்ட் வாசலிலும் நன்றாகத் தெரியும். 40க்கும் 45க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் பள்ளி விடுமுறையில் இந்தக் கணக்கு அப்படியே நிற்காது. மூன்றாவது, நான்காவது படுக்கையெல்லாம் நிரம்பிவிடும். ஓவேஷனில் அதிகபட்சம் 4,905 பேர் ஏறலாம், அப்போது தலைக்கணக்கு 34க்கு இறங்கிவிடும். நம் ஊர் விடுமுறை ஏப்ரல், மே. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை ஜூனிலும், நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முடிய உள்ள வாரங்களிலும். இரண்டும் மோதாத வாரமாக, வெள்ளிக்கிழமை புறப்படாத பயணமாக எடுங்கள். கப்பலை மாற்றுவதைவிடப் புறப்படும் கிழமையை மாற்றினால் நெரிசல் அதிகம் குறையும்.

இனி அம்மாவின் முழங்கால். இந்தக் கேள்வியில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான் என்பேன், ஏஜென்ட் இதைக் கேட்டிருக்கவே மாட்டார். கப்பல் எந்த ஊருக்குப் போகிறது என்பதோடு, அங்கே கரையோடு ஒட்டி நிற்குமா, நடுக்கடலில் நங்கூரம் போடுமா என்று கேளுங்கள். 2025இல் எம்ப்ரஸ் வந்தபோது புதுச்சேரித் துறைமுகத்தில் நிற்க ஆழம் போதாமல் கடலில் நின்றது, பயணிகளைப் படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இதைத்தான் டெண்டர் என்கிறார்கள். பெரிய கப்பல்கள் தாய்லாந்தின் புக்கெட் போகும்போதும் இதே கதைதான், பெரும்பாலும் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நிற்கும்.

டெண்டர் ஏறுவது எப்படி என்றால்: கப்பலின் கீழ்டெக்கில் பக்கவாட்டில் ஒரு கதவு திறக்கும், வெளியே ஒரு சிறு மேடை, அதை ஒட்டிப் படகு. மேடையும் படகும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காது. படகு மேலே வரும் அந்த ஒரு நொடியில் எட்டு வைக்க வேண்டும். இரண்டு ஊழியர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் எட்டு வைப்பது நம் கால்தான். முழங்கால் மடங்காதவர்களுக்கு இது கஷ்டம். சக்கர நாற்காலியோடு ஏற்றுவதைப் பல நேரம் மறுத்துவிடுவார்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று புக்கெட்டின் மேற்குக் கரையில் நேராக மோதும். அலை கூடினால் இறங்குவதையே ரத்து செய்வார்கள், துறைமுகக் கட்டணம் திரும்பக் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

மலேசியாவின் பினாங்கு அப்படியில்லை. ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையில் கப்பல் ஒட்டி நிற்கும், சாய்வுப் பாதையில் இறங்கி ஜார்ஜ் டவுனுக்குள் நடந்தே போய்விடலாம். அங்கே லிட்டில் இந்தியாவும் பக்கம், பெரியவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக் கவலை இல்லை. கோலாலம்பூர் என்று அட்டவணையில் போட்டிருந்தால் அது போர்ட் கிளாங். கப்பல் ஒட்டித்தான் நிற்கும், ஆனால் நகரத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். 8 மணி நேரம் நிற்கும் என்று எழுதியிருந்தால் போக்குவரத்துக்கே 3 மணி போகும். உங்களுக்குக் கிடைத்த இரண்டு பயணத்தில் எதில் பினாங்கு இருக்கிறதோ, அதற்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள். புக்கெட் மட்டுமே உள்ள பயணம் என்றால் அம்மா அன்று கப்பலிலேயே இருப்பார் என்று வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

துறைமுகத்தில் நிற்கும் நேரத்தையும் விளம்பரத் தாளில் இருப்பதை வைத்து நம்ப வேண்டாம். மரைன் டிராஃபிக் போன்ற தளங்களில் கப்பல் பெயரைப் போட்டால் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியும். அதே பயணம் நடக்கும் இரண்டு வாரம் தினமும் எட்டிப் பாருங்கள். 9 மணிக்கு வரும் என்று போட்டது 11க்கு வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

மகளின் பக்கம் வருவோம். ஓவேஷனின் படங்களைப் பார்த்தால் மயங்கிவிடுவோம்: கடல்மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் நார்த் ஸ்டார் கண்ணாடிக் கூண்டு, அலைமேல் சறுக்கும் ஃப்ளோரைடர், உள்ளரங்கில் மோதும் கார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உயர வரம்பு உண்டு. நார்த் ஸ்டாருக்கு 48 அங்குலம், அதாவது 122 செ.மீ. ஃப்ளோரைடரில் படுத்துச் சறுக்க 52 அங்குலம், 132 செ.மீ. நின்று சறுக்க 58 அங்குலம், 147 செ.மீ. 8 வயதுப் பெண் 125 செ.மீ. இருந்தால் கூண்டில் ஏறலாம், சறுக்க முடியாது. செருப்பில்லாமல் கதவு நிலையில் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள், அங்கே ஊழியர் கோலை வைத்துத்தான் அளப்பார், அழுதாலும் விடமாட்டார். காற்று பலமாக இருந்தால் கூண்டையும் நிறுத்திவிடுவார்கள், அதனால் அதை நம்பி மட்டும் கப்பலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஓவேஷனில் தண்ணீர்ச் சறுக்கு கிடையாது. சின்னக் குழந்தைகள் நனைந்து விளையாடும் இடம் மட்டும்தான். ட்ரீமில் மேல்டெக்கில் சறுக்குக் குழாய்கள், கயிற்றுப் பாதை எல்லாம் உண்டு. பதினான்கு வயதுப் பையன் என்றால் ஓவேஷன் என்று கண்ணை மூடிச் சொல்லலாம். எட்டு வயதுக்கு ட்ரீம்தான் கையில் கிடைக்கும் சந்தோஷம்.

கேபின் தேர்வில் இரண்டு கப்பலுக்கும் ஒரே முறைதான். கம்பெனியின் தளத்தில் டெக் வாரியாகத் திட்டப்படம் இருக்கும். உங்கள் கேபின் எண்ணை அதில் குறித்துவிட்டு, அதே இடத்தில் ஒரு டெக் மேலேயும் ஒரு டெக் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. ஓவேஷனில் நீச்சல்குளமும் வின்ட்ஜாமர் பஃபேயும் 14ஆம் டெக்கில், எனவே அதற்கு நேர் கீழே 13இல் எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைமேல் கேட்கும். அரங்குக்கோ டிஸ்கோவுக்கோ நேர் மேலே என்றால் நள்ளிரவு வரை தரை அதிரும். முன்முனையில் கீழ்டெக் கேபினில் நங்கூரச் சங்கிலியும் பக்கவாட்டு உந்துவிசிறியும் காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடும். இரு கேபினுக்கு நடுவே கதவு இருந்தால் பக்கத்துக் கேபின் பேச்சு முழுக்கக் கேட்கும், அந்தப் பக்கம் உங்கள் அப்பா அம்மா இருந்தால் மட்டும் அது வசதி.

வாந்தி, தலைசுற்றல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதி, கீழ் டெக். ஊஞ்சலில் நடுவில் உட்காருவதற்கும் ஓரத்தில் உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இந்த அளவு கப்பல் மலாக்கா ஜலசந்தியில் பெரிதாக ஆடாது, அந்தமான் கடல் பக்கம் புக்கெட் நோக்கித் திரும்பும்போது கொஞ்சம் தெரியும். அவோமின் போடுவதானால் பெரியவர்களுக்கு முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். அது தூக்கக் கலக்கம் தரும் மாத்திரை, ராத்திரி கழிப்பறைக்கு எழும்போது தடுமாறுவார்கள். அம்மாவுக்கு லிஃப்ட் எத்தனை கேபின் தள்ளி என்பதையும் திட்டப்படத்தில் எண்ணுங்கள். 348 மீட்டர்க் கப்பலில் தப்பான முனையில் கேபின் கிடைத்தால், சாப்பிடப் போய்வருவதே ஒரு நடைப்பயிற்சி. லிஃப்டுக்கு நேர் எதிரே வேண்டாம், ஐந்தாறு கதவு தள்ளி இருந்தால் போதும்.

ஜன்னல் இல்லாத உள்கேபினைப் பற்றி ஒரு வார்த்தை. ஓவேஷனின் உள்கேபின்களில் வெளியே நடப்பதை நேரடியாகக் காட்டும் பெரிய திரை சுவரில் இருக்கும், அதனால் அடைபட்ட உணர்வு குறைவு. ஆனாலும் பகலில் படுத்து ஓய்வெடுக்கும் பெரியவர்களுக்குப் பால்கனி எடுத்துக் கொடுத்து, நீங்கள் மூவரும் உள்கேபினில் இருந்துகொள்வது நல்ல பங்கீடு. நீங்கள் எப்படியும் கேபினில் இருக்கப் போவதில்லை.

கழிப்பறையில் நம் ஊர் ஹெல்த் ஃபாசெட் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சின்ன மக் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். இஸ்திரிப்பெட்டி, வாட்டர் ஹீட்டர் கம்பி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

சாப்பாட்டில் ட்ரீம் ஒரு படி மேல். இந்தியப் பயணிகள் நிறைய வரும் கப்பல், சைவத்துக்கும் ஜெயின் உணவுக்கும் தனிக் கவனிப்பு உண்டு. ஓவேஷனின் பஃபேயிலும் இந்திய வகைகள் இருக்கும், பருப்பு, சாதம், ஒரு கறி என்று ஓட்டிவிடலாம், ஆனால் நாலாம் நாள் சலித்துவிடும். எதிலும் இட்லி சாம்பாரை நம்பிப் போகக் கூடாது. வெறும் சாதமும் தயிரும் கேட்டால் கொடுப்பார்கள், ஊறுகாய் நீங்கள் கொண்டுபோக வேண்டும். வீட்டில் செய்த உணவுக்கு அனுமதி கிடையாது, கடையில் சீல் போட்ட பாக்கெட் பரவாயில்லை. சிங்கப்பூருக்குள் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அது சேர்ந்த குருமாப் பொடி, மசாலாப் பொடி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். மது வகையில் புதுச்சேரி விலைக்குப் பழகியவர்கள் கப்பல் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைவது சகஜம். பானப் பேக்கேஜ் ஒருவர் எடுத்தால் அதே கேபினிலுள்ள மற்றப் பெரியவர்களும் எடுக்க வேண்டும் என்ற விதி ராயல் கரீபியனில் இருக்கிறது.

கப்பலின் வயது இங்கே சமம், ஆனால் கடைசியாக எப்போது உலர்தளத்துக்குப் போய் வந்தது என்று பாருங்கள். பயணிகள் கப்பல்களை 5 ஆண்டுக்கு இருமுறை தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பகுதியைச் சோதிக்க வேண்டும். கம்பளம், மெத்தை, ஏசி எல்லாம் மாற்றுவதும் அப்போதுதான். போவதற்கு முந்திய சில மாதம் கப்பல் களைத்துப் போயிருக்கும். வந்த முதல் இரண்டு மூன்று வாரம் பெயின்ட் வாசனையும் முடிக்காத வேலையும் இருக்கும். பாதுகாப்புச் சோதனையில் ஏதாவது குறை பிடிபட்டிருக்கிறதா என்று ஈக்வாசிஸ் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து பார்க்கலாம். பெயர் மாறினாலும் மாறாத ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணை வைத்துத் தேடுங்கள்.

போகும் வழியில் ஒரு யோசனை. சென்னை விமான நிலையம் புதுச்சேரியிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். கடலூர்ப் பக்கம் உள்ளவர்கள் திருச்சியையும் பார்க்கலாம், நெய்வேலி, விருத்தாசலம் வழியாகக் கிட்டத்தட்ட அதே தூரம்தான், சிங்கப்பூருக்கு நேரடி விமானமும் உண்டு. எதில் போனாலும் கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தின நாளே சிங்கப்பூரில் இருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. விசா கேட்கும்போது பலமுறை நுழையும் விசாவா என்று உறுதி செய்யுங்கள். கப்பலில் வெளியே போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு. சிங்கப்பூர் வருகை அட்டையையும் திரும்பி வரும்போது இன்னொரு முறை நிரப்ப வேண்டும். கடலில் போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள், சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக் கப்பல் நெட்வொர்க்குக்குச் செல்லாது, பில் ஆயிரக்கணக்கில் வரும்.

உங்கள் குடும்பத்துக்கு என் தேர்வு ஜென்டிங் ட்ரீம், பினாங்கு உள்ள 3 இரவுப் பயணமாக இருந்தால். ட்ரீமில் கிடைப்பது 2 இரவு மட்டும் என்றாலோ, புக்கெட் மட்டும் என்றாலோ, பினாங்கில் நிற்கும் ஓவேஷன் 4 இரவு அதைவிட மேல். இரண்டிலும் பினாங்கு இருந்து, முழுப் பகலுக்கான செலவு ஓவேஷனில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு மலிவாக வந்தால் மட்டும் ஓவேஷனுக்குத் தாவுங்கள்.

எதுவானாலும் முன்பணம் கட்டும் முன் ஏஜென்டிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை: இரண்டு கேபினின் எண்கள், துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் வரியும் சேர்ந்த மொத்தத் தொகை, எந்தத் தேதிக்கு மேல் ரத்து செய்தால் எவ்வளவு போகும், அம்மாவுக்கு ஏறும் இடத்தில் சக்கர நாற்காலி. “கேரண்டி கேபின், எண் பிறகு வரும்” என்று சொன்னால் விலை குறைவாக இருக்கும். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு அது சரி. உங்களுக்கு இரண்டு கேபினும் வேறு வேறு டெக்கில் போய் விழலாம், அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.